நாலு மணிக்குள் ஓர் ஈரத்துணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று இரண்டாவது வரியில் எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம், அந்த வரியை இப்போதைக்கு எழுதாமல் விட்டிருக்கிறேன், நாலு மணிக்கு மேல் எழுத முடிந்தால் எழுதுகிறேன். பதறாதே. பதறாதே என்று எழுதினால்தான் நீ கூடுதலாகப் பதறுவாய் என்று தெரியும், ஆனால் வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை கண்ணு. விஷயத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உன் மகள், நம் பட்டனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. குழந்தைகள் டாக்டரம்மாவின் கிளினிக்கில் உள் அறைக் கட்டிலில் உன் அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் எதிரில் ஸ்டூலில். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், கொடுப்பது என் வேலை. ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் சும்மா இருந்தால் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் சட்டைப் பையில் இருந்த நம் சலவைக் கடை ரசீதுச் சீட்டுக்கட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் சட்டை, பேன்ட், போர்வை என்று அச்சடித்திருப்பதைக் கண்டுகொள்ளாதே. இப்போது மணி பன்னிரண்டு பத்து.

ஏன் போன் பண்ணவில்லை என்றுதான் முதலில் கேட்பாய். பயிற்சி நடக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் தவிர உன் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் அவசரத்துக்கு என்று நீ எழுதிக் கொடுத்த ஆபீஸ் நம்பர் உன் அம்மாவின் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை வெளியே எடுத்துவிட்டாள், மூன்று தடவையும் நான்தான் தடுத்தேன். சொன்னால் நீ பயிற்சியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாய், வந்து சேர இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் ஒரு சேதியும் தெரியாமல் வண்டியில் நீ எப்படி உட்கார்ந்திருப்பாய். மாப்பிள்ளையும் லாரியோடு எந்த ரோட்டில் இருக்கிறாரோ, நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை. அதனால் நானும் அம்மாவும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். டாக்டரம்மா நாலு மணி வரை கெடு கொடுத்திருக்கிறார். நாலு மணிக்குள் பட்டன் ஒண்ணுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு துணி நனைய வேண்டும். நனைந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். நனையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி, அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி டிரிப், அடுத்த நிமிஷமே உனக்குப் போன். இந்தக் கடிதம் மட்டும் உன் கைக்கு வந்தால் துணி நனைந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதற்காக நடந்ததை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அம்மா போனைப் பிடுங்கி "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ சாப்ட்டியா" என்று கேட்டே பத்து நிமிஷத்தை ஓட்டிவிடுவாள். அதற்கு முன்னால் என் தப்பு என் கையெழுத்திலேயே உனக்கு வந்து சேர வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது. இரண்டு தடவை தண்ணீராகப் போனாள், பல் முளைக்கிறது, அதுதான் என்று அம்மா சொன்னாள், நானும் ஆமாம் போட்டேன். பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது என்று டாக்டரம்மா இன்றைக்குச் சொன்னார், அது வேறு. நீ போகும்போது இரண்டு பெரிய பாக்கெட் டயப்பர் வாங்கி வைத்துவிட்டுப் போனாய் அல்லவா, அது இன்னும் பரண் மேல் பிரிக்காமல் இருக்கிறது. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவன் வீட்டுக் குழந்தைக்குக் காகித ஜட்டியா என்று எனக்கு ஒரு வீறாப்பு. வெள்ளைத் துணிதான் கட்டினோம், அழுக்கானால் கட்டின கையோடு அவிழ்த்து, கடைக்குப் பின்னால் ஊறப் போடுகிற தொட்டியில் முக்கிவிடுவோம். நம் கடையில் அழுக்கு ஒரு நிமிஷம்கூட உட்காரக் கூடாது என்று நான் முப்பது வருஷமாகக் கத்திக் கத்தி எல்லோருக்கும் அது பழகிவிட்டது. நான் பக்கத்தில் இருந்தால் நான் முக்குவேன், அம்மா இருந்தால் அம்மா, நாங்கள் இரண்டு பேரும் இல்லாவிட்டால் இஸ்திரி போடுகிற அக்கா. யாரும் யாரிடமும் சொல்வதில்லை. துணியைப் பிரித்துப் பார்க்கிற பழக்கமும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒரே முக்கு. அவரவர் முக்கினதுதான் அவரவர் கணக்கு. அதனால்தான் திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் மூன்று பேருமே பரவாயில்லை, நாலைந்து தடவைதான் என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு வருகிறேன்.

குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள், சுளித்ததே எனக்குச் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை வாந்தியும் சேர்ந்துகொண்டது. வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் நிற்கும் என்று சோற்றையும் பாலையும் நிறுத்தச் சொன்னவன் நான்தான், பசித்து அழுதபோது எதிர்க் கடையிலிருந்து பாட்டில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். இனிப்பு அதிகமாக இருந்தால் இன்னும் தண்ணீராகத்தான் போகும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் மருந்துக்கடைக்காரர் நிறுத்துவதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது, கால் மாத்திரை கொடுங்கள் என்றார், கையை நீட்டியேவிட்டேன். நல்லவேளை உன் அம்மா பின்னாலேயே வந்து "பேசவே தெரியாத குழந்தைக்குப் பெரியவங்க மாத்திரையா, உங்களுக்குப் புத்தி இருக்கா" என்று கடை வாசலில் வைத்துச் சத்தம் போட்டு என் மானத்தை வாங்கினாள். அந்த ஒரு விஷயத்துக்கு நான் அவளுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். குழந்தைகளுக்கு அந்த மாத்திரை கூடவே கூடாதாம். அவள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் வாங்கினாள். வாங்கி என்ன, கரைத்தது யார், நான். பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் போட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு லிட்டர் இவள் எங்கே குடிக்கப் போகிறாள், வீணாகிவிடும் என்று சோப்புத்தூளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துப் போடுகிற மாதிரி குத்துமதிப்பாகக் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் தட்டிக் கலக்கினேன். பொடியில் உப்பு ஒரு பக்கம் சர்க்கரை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், பிரித்துப் போட்டால் உப்பு ஏறிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகவே முடியலாம் என்று டாக்டரம்மா இன்றைக்குத்தான் சொன்னார். பட்டன் அதை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பிவிட்டாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

இன்று காலையில் நடந்ததை எழுதத்தான் கை வரவில்லை. ஏழு மணி இருக்கும். எப்போதும் அந்த நேரத்தில் இஸ்திரி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மேலே இருக்கிற துணியை எட்டி இழுத்து, அக்காவிடம் ஒரு அதட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பாளே, இன்றைக்குத் தூக்கி நிறுத்தினால் நிற்கவில்லை. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து, நாக்கில் எச்சிலே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா பயந்துபோய் அவளை உலுக்கவும் பட்டன் அழுதாள், வாயைத் திறந்து நன்றாகத்தான் அழுதாள், ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணீர் இல்லாமல் ஒரு குழந்தை அழுவதை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. உன் அம்மா செருப்புகூடப் போடாமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள், நான் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன், இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா இல்லையா என்று பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. அக்கா அணைத்துவிட்டாளாம்.

கிளினிக் திறக்க ஒன்பதரை ஆனது, எங்கள் முறை வர பதினொன்றே கால் ஆனது. நர்ஸிடம் நான் முதலிலேயே குழந்தை துவண்டு கிடக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருந்தேன் பார், அதுவும் என் மடத்தனம். டாக்டரம்மா குழந்தையை எடை போட்டார், போன மாதம் ஒன்பது கிலோ இருநூறு, இன்று எட்டு அறுநூறு. பிறகு வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து விட்டார். நல்ல குழந்தைக்குச் சட்டென்று பழையபடி ஆகிவிடுமாம். நம் பட்டனுக்கு அந்த மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. அம்மாடி, துணியில் மடிப்பு நின்றால் எனக்குப் பெருமை, முப்பது வருஷமாக அதில்தான் சோறு தின்கிறேன். அந்தத் தோலில் மடிப்பு நின்றதைப் பார்த்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம் கேள்விகள். "நேத்து மட்டும் எத்தனை தடவை போச்சு" என்றார். நான் அஞ்சு என்றேன், அம்மா ஆறு என்றாள். அதே நேரத்தில் என் செருப்பையும் அம்மா செருப்பையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்த இஸ்திரி அக்கா வாசலில் நின்றபடியே "நான் ஒரு நாலஞ்சு அலசினேனேண்ணே" என்றாள். கூட்டினால் ஒரு நாளைக்கே பதினைந்து வருகிறது. "ரத்தம் இருந்துச்சா, சளி மாதிரி ஏதாவது" என்றார். தெரியாது. "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா" என்றார். அதுவும் தெரியாது. ஈரமாக இருந்ததெல்லாம் ஒரே தொட்டிக்குள் போய்விட்டது, எது தண்ணீராகப் போனது, எது மூத்திரம் என்று யாருக்குத் தெரியும். டாக்டரம்மா கோபப்படவில்லை, அதுதான் சுட்டது. என் சட்டைப் பையில் தெரிந்த சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு, "லாண்டரிக் கடை உங்களோடதுதானே, ஊர்க்காரங்க துணியை எண்ணாம உள்ள வாங்குவீங்களா" என்று மட்டும் கேட்டார்.

எண்ணாமல் வாங்க மாட்டேன். எண்ணுவேன், கறை இருந்தால் என்ன கறை, எப்போது பட்டது என்று கேட்பேன், சீட்டு எழுதித் துணியில் குத்தின பிறகுதான் தண்ணீரைக் காட்டுவேன். தெருவில் போகிறவனுடைய சட்டைக்குச் செய்கிறதை என் பேத்திக்குச் செய்யவில்லை.

மணி ஒன்று இருபது. இப்போது ஒரு வாந்தி எடுத்தாள், குடித்ததில் பாதி அம்மா மடியிலேயே வந்துவிட்டது, நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். நர்ஸ் வந்து பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவாகக் கொடுங்கள், நிறுத்த மட்டும் நிறுத்தாதீர்கள் என்றாள். மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். இங்கே வந்த பிறகு ஒரு தடவை போனாள், அந்தத் துணியைப் பழக்க தோஷத்தில் குழாய்க்கு எடுத்துக்கொண்டு போனேன், உன் அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். டாக்டரம்மாவிடம் காட்டினோம், வெறும் மஞ்சள் தண்ணீர், ரத்தம் இல்லை, ரத்தம் இருந்திருந்தால் வேறு வைத்தியமாம். அந்தத் துணிக்கு ஒரு சீட்டு எழுதிக் குத்தி வைத்திருக்கிறேன், மணி பன்னிரண்டு நாற்பது, போக்கு, ரத்தம் இல்லை என்று. நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

இனி நான் உன்னிடம் சொல்லப் பயப்படுகிற விஷயம். நீ கிளம்புகிற அன்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னாய், "அப்பா, அழுக்கு மூட்டை மேல மட்டும் அவளை உட்கார வைக்காதீங்க." நான் தலையாட்டினேன். அடுத்த வாரமே உட்கார வைத்துவிட்டேன் கண்ணு. மூட்டை மேல் தூக்கி வைத்தால் ஏதோ சிம்மாசனத்தில் ஏறின மாதிரி இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு சிரிக்கிறாள், நீ போன பிறகு அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அந்த மூட்டை மேல்தான், எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை ஒரு அம்மா பெரிய மூட்டை கொண்டுவந்தார், வீட்டில் சின்னக் குழந்தைக்கு வயிறு சரியில்லை, அதனால்தான் இத்தனை துணி என்று சொல்லியே கொடுத்தார். நான் சீட்டில் எழுதினேன், எண்ணினேன், எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு அந்த மூட்டை மேலேயே இவளைத் தூக்கி வைத்தேன். முனையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், நான் பார்த்துச் சிரித்தேன். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன், அதிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது, பாலாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம் என்றார். பிறகு நீங்கள் கை கழுவிவிட்டுத்தான் சோறு ஊட்டுவீர்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது, என் கை நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில்தான் இருக்கிறது, ஊரிலேயே சுத்தமான கை என்னுடையது என்றேன். "எந்தத் தண்ணி, அழுக்குத் துணி ஊறுற தண்ணியா" என்று கேட்டார். உன் அம்மா இதுதான் சாக்கு என்று "அந்தக் கையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டிடுங்க" என்றாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள். இதற்கு நீ என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்வேன். யாரும் சொல்லாவிட்டாலும் எனக்குள்ளேயே ஒருவன் திங்கட்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான்.

மணி இரண்டரை. பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு நாலு மணிக்குள் உள்ளே போக வேண்டும் என்று டாக்டரம்மா பேனாவால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார், தண்ணீர் இன்னும் அந்தக் கோட்டுக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. பட்டன் தூங்கித் தூங்கி விழுகிறாள். தூக்கமா மயக்கமா என்று எனக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் பாதத்தைச் சுரண்டிப் பார்க்கிறேன், காலை இழுத்துக்கொள்கிறாள், அப்பாடா என்று இருக்கிறது, மறு நிமிஷம் மறுபடியும் சுரண்டுகிறேன். எழுப்பினாலும் எழவில்லை, குடிக்கவே மாட்டேன் என்கிறாள் என்றால் நாலு மணிக்காகக் காத்திருக்க வேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் குண்டுக் குழந்தை ஒன்று சிரிக்கிற காலண்டர் மாட்டியிருக்கிறது, அதைக் கழற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. பக்கத்துக் கட்டிலில் காலையில் ஒரு குழந்தை கிடந்தது, இப்போது இல்லை, வீட்டுக்குப் போனதா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதா என்று நர்ஸிடம் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. உன் அம்மா நிமிஷத்துக்கு ஒரு தடவை துணிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள், என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுகிறாள். முப்பது வருஷமாக நான் ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறவன், மழைக்காலம் வந்தால் துணி காயவில்லையே என்று வானத்தைத் திட்டுகிறவன், இன்றைக்கு ஒரு துணி காய்ந்தே கிடக்கிறதே என்று வேண்டாத தெய்வம் இல்லை.

மூன்று மணி. கோட்டுக்கு இரண்டு விரல் மேலே. ஆபீஸ் நம்பர் எழுதின தாளை அம்மா கட்டில் மேல் எடுத்து வைத்துவிட்டாள், இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன், முதல் வார்த்தையே வரவில்லை. நீ ஒன்றரை வயசில் காய்ச்சலில் கிடந்தபோது நான் இதே மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் அப்போது நீ என் குழந்தை, போனாலும் வந்தாலும் என் தலையில் விடியும். இவள் நீ என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன குழந்தை, அந்தப் பயம் வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் பயத்திலும் ஸ்பூன் மட்டும் சிந்தவில்லை. அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

கடிதம் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறேன். எழுத்து கோணல் மாணலாக வருகிறது, பார்த்துப் படி. மூன்று முப்பத்தைந்துக்கு அம்மா முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கட்டாமலே பட்டனை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாள். நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஸ்பூன் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தொடையில் சூடாக ஏதோ பட்டது. டம்ளரைத்தான் கவிழ்த்துவிட்டோம் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டு பார்த்தால் டம்ளர் கட்டில் மேல் நிற்கிறது. சட்டை முனை நனைந்திருக்கிறது, பேன்ட் நனைந்திருக்கிறது, இன்னும் நனைந்துகொண்டே இருக்கிறது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாடையைப் போல ஒரு வாசனையை நான் எந்த சென்ட் பாட்டிலிலும் பார்த்ததில்லை. "போயிட்டா, போயிட்டா" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் கத்தக்கூடாத வார்த்தை அது, எனக்கு எங்கே நிதானம், நர்ஸ் முகம் வெளுத்து ஓடிவந்தாள், வாசல் குழாயடியிலிருந்து உன் அம்மா முகத்தில் தண்ணீரோடு அலறிக்கொண்டு ஓடிவந்தாள், "மூத்திரம், மூத்திரம் போயிட்டாடி" என்று நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு பேரும் என்னை அடிக்காத குறை. நான் போட்ட சத்தத்தில் பட்டன் பயந்து வீறிட்டு அழுதாள். அழுகிறாள், அழுகிறாள், அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை என்னிடம் காட்டினாள். விரல் ஈரம். கண்ணீர் வந்துவிட்டது கண்ணு, இரண்டு கண்ணிலும் பொட்டுப் பொட்டாக வந்துவிட்டது. அப்புறம் அந்த அறையில் மூன்று பேரும் அழுதோம், நர்ஸ் போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா மறுபடி வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார், மடிப்பு நிற்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றார், ஆனால் பயம் முழுசாக விட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். இன்னும் இரண்டு மூன்று நாள் போகத்தான் செய்யுமாம், நிற்பது முக்கியமில்லை, போகிற தண்ணீர் உள்ளே திரும்பி வருவதுதான் முக்கியமாம். ஒவ்வொரு தடவை போன பிறகும் அந்தத் தண்ணீர் கொடுக்க வேண்டும், முழு பாக்கெட்டையும் கொதித்து ஆறின ஒரு லிட்டரில் கரைத்து, மறுநாள் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். பாலையும் குழைந்த சோற்றையும் நிறுத்தவே கூடாது, ஜிங்க் மருந்து பதினாலு நாள், நின்றுவிட்டாலும் பதினாலு நாள். ரத்தம் வந்தால், காய்ச்சல் ஏறினால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், கண் உள்ளே போனால், ஆறு மணி நேரம் துணி நனையாமல் இருந்தால் வரிசையில் உட்காராமல் நேராக உள்ளே வந்துவிடச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி இஸ்திரி மேஜைக்கு மேல் ஒட்டப் போகிறேன், அக்காவுக்குப் படிக்க வராது, அவளுக்கு வாயால் சொல்லிக் கொடுப்பேன். டயப்பர் பாக்கெட் பரணிலிருந்து இன்றைக்கே இறங்கிவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் தனிக் குழாய், தனிச் சோப்பு, குழந்தையைத் தொடுகிற கை முதலில் அங்கே போக வேண்டும். அழுக்கு மூட்டைகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடும்படி அக்காவிடம் காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். சிம்மாசனத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, துவைத்த போர்வைகளை அடுக்கி ஏற்றி உட்கார வைக்கலாம் என்று அம்மா சொல்கிறாள்.

இப்போது அந்த வரியை எழுதலாமா என்று யோசிக்கிறேன். இங்கே பாதி நலம் கண்ணு, மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும் என்று பயந்து பயந்து நம்புகிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எடுத்த வேலையை முடித்து நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், உன் மகள் உன்னைப் பார்த்ததும் மேஜைக் காலை விட்டுவிட்டு உன்னிடம் நடந்து வர வேண்டும், இதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை. நீயும் அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. மூன்று முப்பத்தைந்து, மூத்திரம், நன்றாக நனைந்தது என்று சீட்டு எழுதியிருக்கிறேன், குத்துவதற்குத் துணி இல்லை, என் சட்டைதான் இருந்தது, அதில் குத்தியிருக்கிறேன். தெருவில் இப்படியேவா நடந்து வரப்போகிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள், ஆமாம், இப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. போனை நானே எடுப்பேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். மூட்டைக்காக நீ பத்து நிமிஷமும் திட்டலாம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் எத்தனை தடவை என்று என்னைக் கேள், நான் சரியாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு இந்தக் கடைசிச் சீட்டை எழுதும்
உன் அப்பா